பொறுக்கும் கையும் நிறுக்கும் கையும்

சேலம், நாமக்கல் ஊர்களின் பழைய இரும்புக் கடைகளில் தராசு பெரும்பாலும் ஆணின் கையில் இருப்பதைக் காண்கிறோம். மிதிவண்டியில் வீடுதோறும் சென்று விலை கொடுத்து வாங்குபவர் ஆண். சாக்குப்பையுடன் குப்பைமேட்டில் பொறுக்குபவளும், கடையில் அமர்ந்து தரம் பிரிப்பவளும் பெண்.

ஒரே தன்மையுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்று 1976இல் சட்டம் பிறந்தது. வேலையையே இரண்டாகப் பிரித்து வைத்தால் சட்டம் எதை அளக்கும்? லேவியர் நூலின் 27ஆம் அதிகாரம் நேர்ச்சைக்கு ஆணை 50 செக்கேலாகவும் பெண்ணை 30 செக்கேலாகவும் மதிப்பிடுகிறது. மறையுரைகளில் நாம் அப்பக்கத்தைத் திறப்பதே இல்லை.

1993இல் பூனாவில் குப்பை பொறுக்குவோர் சங்கம் கண்டனர். உறுப்பினருள் பெரும்பாலோர் பெண்கள். மாநகராட்சி ஏற்பளித்த அடையாள அட்டை அவர்களுக்குக் கிடைத்தது. பின்னர் சங்கமே பழம்பொருள் கடையும் நடத்தியது. அக்கடையில் தராசு அவர்களுடையது.