அசல் யார், நகல் யார்? ஒரு பிட்டின் பயணம்

1980களில் ஒரு செயலியிடம் "நீ யார்?" என்று கேட்க வழியே கிடையாது. நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியம்தான். ஃபிளாக்ஸ் ரெஜிஸ்டரின் மேல் நான்கு பிட்களும் எதை எழுதினாலும் 1 ஆகவே நின்றால் 8086. 0 ஆகவே நின்றால் 286. 18ஆம் பிட்டை மாற்ற முடிந்தால் 486.

1993இல் பென்டியத்தோடு சிபியுஐடி கட்டளை வந்தது. செயலியே வாய்திறந்து பதில் சொன்னது. தயாரிப்பாளர் பெயர் மூன்று ரெஜிஸ்டர்களில், ஒன்றுக்கு 4 எழுத்தாக, மொத்தம் 12 ஆங்கில எழுத்தில் வரும். இன்டெல் 'ஜெனுயின்இன்டெல்' என்று பலகை மாட்டியது. 'அசல்' என்று ஒருவர் எழுதினால் எதிர்க்கடைக்காரர் சும்மா இருப்பாரா? சைரிக்ஸ் 'சைரிக்ஸ்இன்ஸ்டெட்' என்றது: அவருக்குப் பதில் நான்! ஏஎம்டியின் தொடக்க கே5 மாதிரிச் சில்லுகளில் 'ஏஎம்டிஇஸ்பெட்டர்!' இருந்தது. ஆச்சரியக்குறியையும் எண்ணினால்தான் 12 வரும்.

பெயரைவிடப் பயன்பட்டவை அடுத்து வரும் பிட்கள். ஒரு வசதிக்கு ஒரு பிட், எம்எம்எக்ஸ் வசதிக்கு 23ஆம் பிட். ஏஎம்டி சிபியுஐடி பதிலில் தனக்கென்று வேறு பக்கம் திறந்து, 64 பிட் வசதியை அங்கே 29ஆம் பிட்டில் வைத்தது. பிறகு இன்டெல்லும் அதே பக்கத்தில் அதே பிட்டைப் போட வேண்டியதாயிற்று. அசல் யார், நகல் யார் என்று இனி யார் சொல்ல?

2007 பிப்ரவரியில், இஸ்ரேலின் கியூம்ரானெட் நிறுவனத்தில் பிறந்த, மெய்நிகர் கணினிகளை இயக்கும் கேவிஎம் லினக்ஸ் 2.6.20இல் சேர்ந்தது. இப்போது கேட்பது மெய்நிகர் கணினி. பதில் சொல்வது செயலி அல்ல, கேவிஎம். 'நீ இருப்பது மெய்நிகரில்' என்று சொல்லவும் ஒரு பிட் உண்டு: 31. நிஜச் செயலி அதை 0 ஆகவே விடும்.

சிக்கல் வேறிடத்தில் முளைத்தது. லினக்ஸ் எல்லா வசதிகளையும் 32 பிட் பெட்டிகளில் அடுக்குகிறது. ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு பிட்களே தேவைப்பட்டால், அதற்கென்று தனிப் பெட்டி வைக்காமல், காலியாகக் கிடக்கும் இடத்தில் செருகிவிடும். எஸ்ஜிஎக்ஸ்1 என்ற வசதி இன்டெல் கையேட்டில் 0ஆம் பிட். லினக்ஸிலோ 11ஆம் பெட்டியின் 8ஆம் இடம். லினக்ஸ் கர்னலுக்குக் கவலையில்லை. ஆனால் மெய்நிகர் கணினிக்குக் கையேட்டு விலாசம்தான் போக வேண்டும். கேவிஎம் முதலில் இப்படிப்பட்ட சில பிட்களின் நிஜ எண்ணைத் தன் கோப்பிலேயே கையால் குறித்து வைத்தது. ஒரே வசதிக்கு இரண்டு கணக்குப் புத்தகம். எந்தக் கடைக்கும் அது ஆபத்து.

2021இல் எஸ்ஜிஎக்ஸ் வேலையோடு இதற்குச் சீர் வந்தது. கேவிஎம்முக்கு மட்டுமான பெட்டிகள், லினக்ஸ் இடத்திலிருந்து வன்பொருள் விலாசத்துக்குத் திருப்பிச் சொல்லும் அட்டவணை. அட்டவணையில் விலாசம் இல்லாத பெட்டியிலிருந்து யாராவது பிட் எடுத்தால், கர்னல் கம்பைலே ஆகாது.