பொருளுக்கு முன்னே பிறந்த பெயர்

எலக்ட்ரான் என்ற சொல் எந்த ஆண்டில் பிறந்தது? 1874 என்று ஒரு நூல் சொல்லும், 1891 என்று இன்னொரு நூல் சொல்லும். பெயர் வைத்தவர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி என்பதில் மட்டும் தகராறு இல்லை. அயர்லாந்துக்காரர், குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் செயலாளராக நிர்வாக வேலை பார்த்துக்கொண்டே இயற்பியலும் செய்தவர். பதினேழு ஆண்டு வித்தியாசத்தை எப்படி விடுவது? பிறர் காட்டும் மேற்கோள்களை ஒதுக்கிவிட்டு மூலங்களுக்குள் இறங்கினேன்.

1874 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டில் கூடிய பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் ஸ்டோனி இயற்கையின் அலகுகள் பற்றிப் பேசினார். அந்த உரை 1881இல் ஃபிலசாஃபிக்கல் மேகசின் இதழில் வந்தது. மனிதர் வகுத்த அளவுகளுக்குப் பதிலாக இயற்கையே தரும் மூன்று அளவுகளை அதில் முன்வைக்கிறார்: ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, மூன்றாவதாக ஒரு மின்னூட்டம். மின்னாற்பகுப்பில் ஒவ்வொரு வேதிப் பிணைப்பு அறும்போதும் ஒரே அளவு மின்னூட்டம் கடக்கிறது. அந்த அளவையும் கணக்கிட்டுக் காட்டுகிறார். மூலக்கூறுகளின் எண்ணிக்கை அன்று சரியாகத் தெரியாததால், விடை இன்றைய மதிப்பில் சுமார் பதினாறில் ஒரு பங்குதான் வந்தது. கருத்து முழுதாக இருக்கிறது. எலக்ட்ரான் என்ற சொல் இல்லை.

சொல் கிடைத்தது 1891இல், ராயல் டப்ளின் சொசைட்டியின் வெளியீட்டில். மின்சாரம் பற்றிய கட்டுரையில் தேடினால் அகப்படாது. வாயுக்களின் நிறமாலையில் கோடுகள் ஏன் இரட்டையாகத் தெரிகின்றன என்று ஆராயும் கட்டுரை அது. அணுவுக்குள் இந்த மின்னூட்டங்கள் அசைவதுதான் காரணம் என்கிறார் ஸ்டோனி. அவற்றை எலக்ட்ரான் என்று அழைப்பது வசதி என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, அணுவிலிருந்து அவற்றைப் பிரிக்க முடியாது என்றும் சேர்க்கிறார். ஆக, அவருடைய எலக்ட்ரான் ஒரு துகள் அல்ல. அணுவோடு பிணைந்த ஓர் அளவு.

அப்படியானால் 1874 எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? என் சந்தேகம் 1894இல் அதே ஃபிலசாஃபிக்கல் மேகசினில் ஸ்டோனி எழுதிய குறிப்பின்மேல் விழுகிறது. மின்சாரத்துக்கும் அணு உண்டு என்று முதலில் காட்டியவர் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்று ஒருவர் எழுதியிருந்தார். 1881இல் லண்டனில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றிய ஃபாரடே சொற்பொழிவு அவ்வளவு புகழ்பெற்றது. ஸ்டோனிக்குப் பொறுக்கவில்லை, ஏழாண்டு முன்பே பெல்ஃபாஸ்டில் சொன்னேனே என்று உரிமை கோரினார். குறிப்பின் தலைப்பில் எலக்ட்ரான், உள்ளே 1874. இரண்டையும் சேர்த்து வாசித்தவர்கள் சொல்லையும் 1874இலேயே பிறக்க வைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த தடயம் இன்னும் சுவையானது. 1897 ஏப்ரல் 30 அன்று ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜே.ஜே. தாம்சன், கேத்தோடு கதிர்கள் அணுவைவிட மிகச் சிறிய துகள்களால் ஆனவை என்று அறிவித்தார். எலக்ட்ரானைக் கண்டுபிடித்தவர் என்று நாம் பள்ளியில் படித்த அதே தாம்சன், அந்தச் சொல்லைத் தொடவில்லை, கார்ப்பசல் என்றார். உரை மே 21ஆம் தேதி எலக்ட்ரிஷியன் இதழில் அச்சானது. அதே இதழில், அதற்கு முன் பக்கங்களில், ஜார்ஜ் ஃபிட்ஸ்ஜெரால்டின் கருத்துரை: தாம்சன் பார்த்தது விடுபட்ட எலக்ட்ரான்களாக இருக்கலாமே என்கிறது. ஃபிட்ஸ்ஜெரால்ட் ஸ்டோனியின் சகோதரி மகன். பிரிக்கவே முடியாது என்று தாய்மாமன் சொன்னதைப் பிரிந்தே வந்துவிட்டது என்று மருமகன் அடையாளம் காட்டுகிறார்! 1894இல் கேம்பிரிட்ஜின் ஜோசஃப் லார்மரை இந்தச் சொல்லை ஏற்கச் சொன்னவரும் அவரே. பெயர் நிலைத்ததில் பாதிப் பங்கு இவருக்கு உண்டு என்பேன்.

டச்சு இயற்பியலாளர் லாரன்ட்ஸ் 1899 வாக்கில் இந்தச் சொல்லுக்கு மாறினார். தாம்சன் மசியவில்லை, 1906இல் நோபல் உரையிலும் கார்ப்பசல்தான்.

மறுபக்கம் அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன். 1917இல் எலக்ட்ரான் என்றே பெயரிட்டு வந்த தம் நூலில், ஸ்டோனி வைத்த பொருளில்தான் சொல்லைப் பயன்படுத்த வேண்டும், அது மின்னூட்டத்தின் அலகு மட்டுமே, நேர் எலக்ட்ரானும் உண்டு, எதிர் எலக்ட்ரானும் உண்டு என்று வாதாடினார். அதற்குள் உலகம் துகளுக்கே பெயரைக் கொடுத்து முடித்திருந்தது. நேர்மின்னூட்டம் கொண்ட இரட்டையை 1932இல் கண்ட கார்ல் ஆண்டர்சன், அதைப் பாசிட்ரான் என்றும் பழையதை நெகட்ரான் என்றும் அழைக்கலாம் என்றார். முதலாவது நின்றது, இரண்டாவது நிற்கவில்லை. தமிழில் வழங்கும் எதிர்மின்னியில் அந்த எதிர்க்குறி இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களின் இலத்திரனில் இல்லை.