வெட்டக் கூடாத காடு

சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் ஊருக்கு மேலே, மரமற்ற மலைச்சரிவில் ஒரு காடு தனித்து நிற்கிறது. 1397-இல் ஊரார் கூடி, அதில் யாரும் மரம் வெட்டக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். விறகில்லாமல் குளிர்காலம் கழியாத இடத்தில் அது எத்தனை கடுமையான கட்டுப்பாடு! வனத்துறையில் வேலை பார்த்தவள் நான். தடை எழுதுவது எளிது, தலைமுறைகளாகக் காப்பது பெரும்பாடு என்று அறிவேன்.

தடைக்குக் காரணம் பனிச்சரிவு. பனி அடுக்கடுக்காகப் படிகிறது. அடியில் சர்க்கரைபோல் ஒட்டாத மணிகள் உருவாகிவிட்டால், காற்று மேலே கொண்டுவந்து இறுக்கிய பனி மொத்தமாக நழுவும். பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில் இது நடக்கும். நெருங்கி நிற்கும் மரங்கள் அந்த ஒட்டாத அடுக்கை ஒரே பரப்பாகப் பரவ விடுவதில்லை. ஊரார் பட்டறிந்ததை அறிவியல் பின்னால் வந்து விளக்கியது.

1936-இல் டாவோஸ் ஊருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்னும் இடத்தில் ஆய்வாளர்கள் பனியில் குழிவெட்டி அடுக்கடுக்காக அளக்கத் தொடங்கினார்கள். 1945 முதல் பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கை அங்கிருந்து வெளியானது. அப்படியும் 1950–51 குளிர்காலம் சுவிட்சர்லாந்தில் 98 உயிர்களைக் கொண்டுபோனது, ஆண்டர்மாட்டும் தப்பவில்லை. அதன் பிறகே மலைமுகடுகளில் தடுப்பு வேலிகளும், எங்கே வீடு கட்டலாகாது என்று சொல்லும் வரைபடங்களும் பெருகின.

2018-இல் யுனெஸ்கோ, பனிச்சரிவைச் சமாளிக்கும் இந்த அறிவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. அந்தப் பெருமையில் முதல் பங்கு, குளிரைப் பொறுத்துக்கொண்டு கோடரியைக் கீழே வைத்த அந்த ஊராருக்கே உரியது.