ஹூபே மாகாணத்தின் ஒரு நாள் கணக்கு (2020)

கோவிட்-19 முதலில் பரவிய சீனாவின் ஹூபே மாகாணத்தில் 2020 பிப்ரவரி 11 அன்று 1,638 புதிய நோயாளிகள் பதிவாயினர். மறுநாள் அந்த எண் 14,840. ஒரே இரவில் நோய் ஒன்பது மடங்காகிவிடவில்லை. எண்ணும் முறைதான் மாறியது.

அதுவரை ஆய்வகப் பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டுமே கணக்கில் சேர்ந்தனர். பரிசோதனை வசதி போதவில்லை. பலர் ‘சந்தேகத்துக்குரியோர்’ பட்டியலிலேயே காத்திருந்தனர். பிப்ரவரி 12 கணக்கில், நுரையீரல் சி.டி. ஸ்கேன் கொண்டு மருத்துவர்கள் கண்டறிந்த 13,332 பேரும் சேர்க்கப்பட்டனர். உறுதியான நோயாளிகளுக்குரிய சிகிச்சை இவர்களுக்கும் விரைவில் கிடைக்கவே இம்மாற்றம் என மாகாண அரசு அறிவித்தது.

இவர்களைக் கழித்தால் எஞ்சுவது 1,508; பழைய முறைப்படி முந்தைய நாளைவிடக் குறைவு. எனவே தினசரி எண்ணிக்கையைப் பார்க்கும் மாணவர், யாரை, எந்தப் பரிசோதனையால் எண்ணினார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும்.