விருப்ப ஓய்வு - யார் விருப்பம்?

தொழிலாளியை ஆலைக்கு வெளியே அனுப்ப முதலாளிகள் வைத்திருக்கும் சொற்களிலே மிக மெல்லியது 'விருப்ப ஓய்வு'. ஆட்குறைப்பு என்றால் கொதிப்பு எழும். விருப்ப ஓய்வு என்றாலோ, தொழிலாளியே மனமுவந்து மாலையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதுபோல் ஒரு தோற்றம். அந்த விருப்பம் எவ்விதம் உண்டாக்கப்படுகிறது என்பதை அமெரிக்க நாட்டு டெல்பி நிறுவனத்தின் வரலாற்றிலே காண்கிறோம்.

மோட்டார் வண்டிகளுக்கு உறுப்புகள் செய்து தந்த நிறுவனம் அது. 1999 வரை ஜெனரல் மோட்டார்சின் ஒரு பகுதி. பிறகு பாகம் பிரித்துத் தனிக்குடித்தனம் வைத்தார்கள். (பண்டைக் கிரேக்கத்தில் பூசாரிச்சி குறி சொன்ன கோயில் இருந்த இடத்துக்கும் டெல்பி என்றுதான் பெயர்!) 2005 அக்டோபரில் அந்நிறுவனம் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. மணிக்கு 27 டாலர் அளவில் இருந்த கூலியைப் பத்து, பன்னிரண்டு டாலராக வெட்டவேண்டும் என்றது. உலகச் சந்தையின் போக்கு, எவர் என்ன செய்ய முடியும் என்றார்கள். இங்கே தலைவிதி என்பார்கள். அங்கே சந்தை என்கிறார்கள். கேள்வி கேட்கவொட்டாமல் வாயடைப்பதில் இரண்டும் ஒன்றே. தலைமைப் பொறுப்பேற்க வந்த ஸ்டீவ் மில்லருக்குச் சேரும்போதே 30 லட்சம் டாலர் அளித்தது எந்தச் சந்தையின் விதியோ!

சட்டமும் நிறுவனத்தின் கையிலே ஒரு கத்தியைக் கொடுத்திருந்தது. நொடித்துப்போன நிறுவனம் நீதிமன்றத்தின் இசைவைப் பெற்றால், தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தையே நீக்கிவிடலாம்.

ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் கையில் இருந்தது என்ன? டெல்பியில் வேலை நின்றால் ஜெனரல் மோட்டார்சும் நிற்கும் என்ற உண்மை. 1936 டிசம்பர் 30 முதல் 44 நாட்கள் பிளின்ட் நகரத் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து, அந்தப் பெருநிறுவனத்தைச் சங்கத்தை ஒப்புக்கொள்ள வைத்தவர்கள். 1998இல் அதே நகரில் இரண்டே ஆலைகளில் வேலைநிறுத்தம்; ஒன்று டெல்பியின் ஆலை. 54 நாட்கள். வட அமெரிக்கா முழுவதும் ஜெனரல் மோட்டார்சின் உற்பத்தி ஏறக்குறைய முடங்கிற்று.

ஆகவேதான் பேச்சுவார்த்தை மேசையில் மூன்றாவது நாற்காலி போடப்பட்டது. பிரித்துவிட்ட நிறுவனத்தின் தொழிலாளர்க்காக ஜெனரல் மோட்டார்ஸ் பணம் தர வந்தது கருணையால் அன்று. 2006 மார்ச் உடன்பாட்டின்படி, ஓய்வு பெறத் தகுதியுடையோர்க்கு 35,000 டாலர். 5,000 பேர் வரை பழைய நிறுவனத்துக்கே திரும்பலாம். சில நாட்களுக்குள் டெல்பி, ஒப்பந்தத்தை நீக்க மனுப் போட்டது. மே மாதம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். ஜூனில் பேரம் இன்னும் ஒரு படி ஏறிற்று: பத்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவர் உறவை அறுத்துக்கொண்டு விலகினால் 1,40,000 டாலர், அதற்குக் குறைந்தால் 70,000. அம்மாதம் முடிவதற்குள் ஏறத்தாழ 12,600 பேர் ஓய்வுக்கு ஒப்பினர்.

இந்த விருப்பம் முழுப் பொய் என்று சொல்லமாட்டோம். முப்பதாண்டு எந்திரத்தின் முன் நின்றவருக்கு அந்தத் தொகை மெய்யான ஆறுதல். சங்கம் இல்லையேல் அதுவும் கிடைத்திராது. ஆனால் ஒரு கையில் காசோலை, மறு கையில் கத்தி என்று நிற்பவனிடம் 'சரி' என்று சொல்வதற்கு விருப்பம் என்று பெயர் வைப்பது எந்த நியாயம்? அதைவிட நம்மை உறுத்துவது, போனவர்களின் இடத்துக்கு வந்தவர்களின் நிலை. பேரம் நடந்தபோது அவர்களுக்கு மேசையில் இடமில்லை. 2007இல் சங்கத்தினர் ஏற்ற ஒப்பந்தம் கூலியை 14 முதல் 18.50 டாலர் வரை இறக்கிற்று. பழைய கூலி பெற்றவர்க்கு மூன்றாண்டுகளில் 1,05,000 டாலர் வரை ஈடு உண்டு. அப்பனுக்கு ஈட்டுத்தொகை, மகனுக்கு அரைக்கூலி!

2009இல் டெல்பியின் ஓய்வூதியத் திட்டங்களை அரசின் காப்புறுதிக் கழகம் ஏற்றபோது, பலருடைய ஓய்வூதியம் குறைந்தது. ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கம் 1999இலேயே எழுதி வாங்கிய உறுதி இருந்ததால், அதன் உறுப்பினர்க்குக் குறைந்ததை ஜெனரல் மோட்டார்ஸ் நிரப்பியது. அத்தகைய தாள் ஏதுமில்லாத அலுவலகப் பணியாளர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவர்களுடைய வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.