ரோட்டில் நடந்து போகும்போது கார் மோதிவிட்டதா? இழப்பீடு வாங்குவது எப்படி? முழு விவரம்

அரியலூர் மாவட்டம் மீன்சுருட்டி வழியாக இரண்டு முக்கியச் சாலைகள் போகின்றன. ஒன்று விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலை, இன்னொன்று திருச்சி - சிதம்பரம் சாலை. பஸ் ஏற, கடைக்குப் போக, வயல் வேலைக்குப் போக என இந்தச் சாலைகளை நடந்தே கடப்பவர்கள் ஏராளம். அப்படி நடந்து போகிறவர் மீது கார் மோதினால், பெரும்பாலும் ஆஸ்பத்திரி செலவோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் சட்டப்படி கிடைக்க வேண்டிய தொகை அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். அதை எப்படிக் கேட்பது?

பணத்தை யார் தருவார்கள்?

கார்க்காரர் கையிலிருந்துதான் பணம் வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரோட்டில் ஓடும் எல்லா வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். நடந்து போனவர்தான் அந்த மூன்றாம் நபர். அவர் எந்த பாலிசியும் எடுத்திருக்கத் தேவையில்லை. மோதிய காரின் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டும்.

முதல் 48 மணி நேரத்தில் என்ன செய்யணும்?

முதலில் 108-க்கு போன் செய்து சிகிச்சை. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மத்திய அரசு 2025 மே மாதம் கொண்டுவந்த திட்டத்தில், 7 நாள் வரை ரூ.1.5 லட்சத்துக்குக் கட்டணமில்லா சிகிச்சை உண்டு.

அடுத்தது ஆவணங்கள். பின்னால் வழக்கு நிற்பதும் விழுவதும் இவற்றை வைத்துத்தான்.

* வண்டி நம்பர்: போட்டோ எடுக்கலாம். எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும்.
* ஆஸ்பத்திரி பதிவு: 'கார் மோதியது' என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லணும். 'கீழே விழுந்தார்' என்று பதிவானால் பின்னால் சிக்கல்.
* எஃப்.ஐ.ஆர்: விபத்து நடந்த எல்லையில் உள்ள காவல் நிலையத்தில் பதிய வேண்டும். காப்பி இலவசம். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளில் பாரதிய நியாய சன்ஹிதா 281, 125 பிரிவுகள் வரும். உயிரிழப்பு என்றால் 106.
* சிசிடிவி: அருகில் உள்ள கடை, பெட்ரோல் பங்க் கேமரா பதிவு சில நாளில் அழிந்துவிடலாம். உடனே எடுத்து வைக்கும்படி போலீசிடம் எழுதிக் கொடுக்கலாம்.

எஃப்.ஐ.ஆர் போட லேட்டாகிவிட்டதா? அந்த ஒரே காரணத்துக்காக இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லியிருக்கிறது. உயிரைக் காப்பாற்றுவதுதான் குடும்பத்தின் முதல் வேலை என்பதை நீதிமன்றமும் ஏற்கிறது.

'கேஸ் வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்' என்றால்?

விபத்து நடந்த உடனே கார் ஓனர் தரப்பில் இப்படி ஒரு பேச்சு வரும். பத்தாயிரம், இருபதாயிரம் கொடுத்து வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து கேட்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு எஃப்.ஐ.ஆரும் இல்லாமல் விட்டால், ஆறு மாதம் கழித்துக் கால் சரியாகவில்லை என்று தெரியும்போது கையில் ஆதாரம் எதுவும் இருக்காது. சிகிச்சைக்கு உதவினால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதித் தரக் கூடாது.

எந்த கோர்ட்டில் மனு போடுவது?

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில். இதற்கெனத் தனிக் கட்டடம் பெரும்பாலும் இருக்காது. மாவட்ட, சார்பு நீதிமன்றங்களே தீர்ப்பாயமாகச் செயல்படும். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் என எங்கு வேண்டுமானாலும் மனு போடலாம். உதாரணமாக, காட்டுமன்னார்கோவில்காரர் மீன்சுருட்டியில் அடிபட்டால், அரியலூர் மாவட்டத்திலும் போடலாம், சொந்த ஊர் இருக்கும் கடலூர் மாவட்டத்திலும் போடலாம்.

கெடு எவ்வளவு? 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி 6 மாதம். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் நடந்து வருகின்றன. கெடு தாண்டியது என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பித் தள்ளிப்போடாமல், 6 மாதத்துக்குள் போடுவதே பாதுகாப்பு.

போலீசாருக்கும் கெடு உண்டு. முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்?

இரண்டு வழி இருக்கிறது.

பிரிவு 164: டிரைவர் மீது தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. உயிரிழப்புக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம். நிலையான தொகை.

பிரிவு 166: டிரைவரின் அலட்சியத்தைக் காட்ட வேண்டும். தொகைக்கு மேல்வரம்பு இல்லை. வருமானம், வயது, ஊனத்தின் அளவு ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுவார்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். 38 வயது கூலித் தொழிலாளி, மாத வருமானம் ரூ.12,000 என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. கால் எலும்பு முறிந்து, சம்பாதிக்கும் திறன் நிரந்தரமாக 30% குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

* ஆண்டு வருமானம்: ரூ.1,44,000
* எதிர்கால வருமான உயர்வு 40% சேர்த்தால்: ரூ.2,01,600
* 36 - 40 வயதுக்கான பெருக்கல் எண் 15: ரூ.30,24,000
* அதில் 30%: ரூ.9,07,200

மருத்துவச் செலவு, வலி வேதனை, படுக்கையில் இருந்த மாதங்களின் வருமானம், கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு எல்லாம் இதற்கு மேல் தனி. பெருக்கல் எண் 2009 சர்லா வர்மா தீர்ப்பிலிருந்தும், வருமான உயர்வு 2017 பிரணய் சேத்தி தீர்ப்பிலிருந்தும் வருகிறது.

டாக்டர் சான்றிதழில் உள்ள ஊன சதவீதம் அப்படியே வருமான இழப்பாகாது. அந்த ஊனம் அவர் செய்யும் வேலையை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்கிறது 2010 ராஜ்குமார் தீர்ப்பு. நாற்று நடுகிறவருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கும் கால் ஊனம் ஒரே இழப்பு அல்ல. இல்லத்தரசிகளின் வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட்டு இழப்பீடு தர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: இன்சூரன்ஸ் கம்பெனி பேச வந்து, 164-ன் கீழ் தரும் தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் உள்ள மனு காலாவதியாகிவிடும். கையெழுத்துப் போடும் முன் கணக்குப் பார்க்கணும்.

'நீதான் குறுக்கே வந்தே' என்றால்?

நடந்து போனவர் மீதும் தப்பு இருக்கிறது என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், அந்த அளவுக்கு மட்டும் தொகை குறையும். 20% தப்பு என்றால் 20% கழியும், மீதி கிடைக்கும். கிரிமினல் வழக்கு போல சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே கேள்வி.

கார் நிற்காமல் ஓடிவிட்டால்?

அப்போதும் இழப்பீடு உண்டு. உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000. வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையிலான விசாரணை அதிகாரியிடம் மனு கொடுக்கணும். மீன்சுருட்டி இருப்பது உடையார்பாளையம் வட்டம். தொகையை அனுமதிப்பவர் மாவட்ட ஆட்சியர்.

இந்தத் திட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. கோவை எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரி 12 அன்று ஒரு உத்தரவு போட்டது. வழக்குப் பதிந்து ஒரு மாதத்துக்குள் வண்டி எது என்று தெரியவில்லை என்றால், இப்படி ஒரு இழப்பீடு இருக்கிறது என்பதைப் பாதிக்கப்பட்டவருக்குப் போலீசாரே எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால், கேட்டு வாங்கலாம்.

பின்னால் வண்டி பிடிபட்டு வேறு இழப்பீடு கிடைத்தால், இந்தத் தொகை அதில் கழிக்கப்படும்.

இன்சூரன்ஸ் இல்லாத கார் என்றால்?

ஓனரும் டிரைவரும் பொறுப்பு. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது போன்ற வழக்குகளில், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னால் ஓனரிடம் வசூலிக்கும்படி பல தீர்ப்புகள் வந்திருக்கின்றன.

வக்கீல் வைக்க வசதி இல்லையா?

15100-க்கு போன் செய்யலாம், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு வக்கீல் உதவி இலவசம். ஆஸ்பத்திரி வார்டுக்கே தேடி வந்து 'கமிஷன் பேசிக்கலாம்' என்று வக்காலத்தில் கையெழுத்து கேட்பவர்களிடம் ஜாக்கிரதை.

லோக் அதாலத்தில் சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு அப்பீல் கிடையாது.

தீர்ப்பு வந்த பிறகு?

30 நாளுக்குள் தொகையைக் கட்ட வேண்டும். வட்டியும் சேர்த்து தர தீர்ப்பாயம் உத்தரவிடலாம். தொகை குறைவு என்று நினைத்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்யலாம். ஆனால் பிரச்சினையில் உள்ள தொகை ரூ.1 லட்சத்துக்குக் குறைவு என்றால் முடியாது.

பத்திரமாக வைக்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர் காப்பி, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில், ஆதார், வயதுச் சான்று, பேங்க் பாஸ்புக், சம்பளச் சீட்டு அல்லது நூறு நாள் வேலை அட்டை போன்ற வருமான ஆதாரம். உயிரிழப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போன செலவுக்குக்கூட ரசீது வாங்கி வையுங்கள். அதையும் கேட்கலாம்.