விமான உலோகத்தில் எழுந்த வீடுகள்

1942 ஏப்ரல் 9ஆந் திகதி, மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் யப்பானிய விமானங்கள் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அன்று அக்கப்பலில் ஒரு விமானந்தானும் இருக்கவில்லை. அதே நாளில் தாக்குண்ட ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்னும் எண்ணெய்க் கப்பல் வாழைச்சேனைக்கு வடக்கே, காயான்கேணிக் கடலடியிற் கிடக்கின்றது. போரின் இரும்பு எமது கரையோரத்தில் இவ்வாறு அமிழ்ந்து கிடக்க, அதே போரின் அலுமினியம் பிரித்தானியாவில் மக்கள் வாழும் இல்லமாயிற்று.

குண்டுவீச்சினால் அந்நாட்டில் இலட்சக்கணக்கான வீடுகள் சிதைந்திருந்தன. செங்கல்லும் மரமும் கொத்தரும் போதவில்லை. மறுபுறம், போர் முடிந்ததும் விமானத் தொழிற்சாலைகள் வேலையின்றி நிற்க வேண்டியவை. 1944இல் நிறைவேறிய தற்காலிக வீட்டுச் சட்டம் இவ்விரு இடர்களுக்கும் ஒரு வழி திறந்தது. விமானக் கம்பனிகள் கூடி அமைத்த ஆய்வு நிறுவனமொன்று ‘ஐரோ’ எனப்பட்ட அலுமினிய வீட்டை வரைந்தது. விமானச் சிறகே சுவராக நின்றதெனக் கற்பனை செய்தலாகாது. பழைய விமானங்கள் உருக்கப்பட்டு, அவ்வுலோகம் புதிய தகடாக உருட்டப்பட்டது. வீடு நான்கு துண்டுகளாகத் தொழிற்சாலையிலேயே முடிக்கப்பட்டு, லொறிகளில் ஏற்றப்பட்டு, முன்னரே இட்ட அத்திவாரத்தின் மீது பொருத்தப்பட்டது. துண்டின் அகலத்தைத் தெருவே தீர்மானித்தது! குளியலறையும் சுடுநீரும் குளிர்சாதனப் பெட்டியும் அதனுள் அமைந்திருந்தன. தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு இவை முன்பு கிட்டாதவை. 1945 முதல் 1948 வரை ஏறத்தாழ 54,500 வீடுகள் இவ்வாறு எழுந்தன. பத்தாண்டுக்கென வகுக்கப்பட்டவற்றுட் பல, அதனினும் நெடுங்காலம் நிலைத்தன.

இவ்வீடு மலிவானதன்று; அக்காலத் தற்காலிக வீட்டு வகைகளுள் விலைகூடியது இதுவே. எனவே இதனைச் சிக்கனத்தின் வெற்றியெனப் புகழ்வாரோடு நான் உடன்படேன். ஆயத்தமாயிருந்த ஆலையும் பயின்ற கையும் அரசின் பணமும் ஒருசேர வாய்த்தமையே இதன் இரகசியம்.

கழிவினைப் பயனாக்கும் எண்ணம் வாழைச்சேனைக்குப் புதிதன்று. 1956இல் தொடங்கிய அதன் கடதாசி ஆலை வைக்கோலையே மூலப்பொருளாக்கியது. எனினும் 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி மட்டக்களப்புக் கரையைத் தாக்கிக் கிடுகுக் கூரைகளையும் மண்சுவர்களையும் தகர்த்தபோது, வீட்டைத் துண்டுகளாகச் செய்து அனுப்ப இந்நாட்டில் எந்த விமான ஆலையும் வேலைக்காகக் காத்து நிற்கவில்லை.